தூண்டிலில் எது முதலில் அறுபட வேண்டும்?

ரயில்வேயில் பெட்டிகளின் இணைப்பையும் பிரேக்கையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்து, ஓய்வுக்குப் பின் ரேணிகுண்டாவிலேயே தங்கிவிட்டவன் நான். சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் என்னிடம் வந்து பேசுகிறவர்கள் ரயிலைப் பற்றிக் கேட்பதில்லை. "சார், என்ன ராடு வாங்கலாம்? என்ன ரீல் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நமது மலரில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்தக் கேள்வியே தலைகீழானது என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. எங்கள் தெருவில் ஓர் இளைஞர், பெங்களூரில் வேலை. விடுமுறைக்கு வரும்போது பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கம்பும் ரீலும் வாங்கி வந்தார். முள்ளுக்கு முப்பது ரூபாய் செலவழித்திருந்தார். ஊருக்கு வெளியே உள்ள செருவில் தாமரை இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளையை வீசினார். விரால் பாய்ந்து கவ்வியது, இலைக்கூட்டத்துக்குள் இழுத்தது, பிறகு ஒன்றுமில்லை. "ரொம்பப் பெரிய மீன் சார்!" என்று மூச்சு வாங்கச் சொன்னார். முள்ளை வாங்கிப் பார்த்தேன். குண்டூசிபோல நிமிர்ந்திருந்தது. மீன் இரண்டு கிலோகூட இருந்திருக்காது. கெண்டைக்கு உரிய மெல்லிய கம்பி முள் அது.

தூண்டில் என்பது ஒரு சங்கிலி. மீனின் வாய், முள், முடிச்சு, நூல், ரீல், கம்பு, நம் கை. சங்கிலி எங்கேயாவது ஓரிடத்தில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். எங்கே என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் மீன் தீர்மானித்துவிடும். சரக்கு வண்டிகளின் சென்டர் பஃபர் கப்ளரில் நக்கிள் என்று ஒரு பாகம் உண்டு. அளவுக்கு மீறிய இழுப்பு வந்தால் அதுதான் முதலில் உடைய வேண்டும் என்று வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அதை வழியிலேயே கழற்றி மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பாகம் உடைந்தால் வண்டியே நின்றுவிடும். தூண்டிலிலும் அப்படி ஒரு நக்கிளை நாமே வைக்க வேண்டும்.

ஏரித் தூண்டில் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887-இல் ஒரு தனிப் புத்தகம் வெளியிட்டார். அப்போது சந்திரகிரி, சித்தூர் வட்டங்கள் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல், திருப்பதி தனி மாவட்டமானது 2022-இல். எல்லைகள் மாறினாலும் செருவுகளில் மீன் அதே மீன்தான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் பாஸ் என்ற மீனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இந்த ஒரு மீனுக்காகவே தனிக் கம்பு, தனிப் படகு, தனிப் போட்டிகள் வளர்ந்துவிட்டன. பெரிய வாய் பாஸ் மீனின் உலக சாதனை 10 கிலோவுக்குச் சற்று மேல். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தார். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைச் சமன் செய்தார். நம் செருவுகளில் பாஸ் இல்லை. ஆனால் அதன் குணத்தோடு நமக்கு விரால் இருக்கிறது. தெலுங்கில் கொரமீனு. இரண்டும் செடிகொடிக்குள் பதுங்கியிருந்து பாய்ந்து தாக்கும், இரண்டும் குஞ்சைக் காவல் காக்கும். ஆகவே பாஸுக்காக அவர்கள் கண்டுபிடித்த கருவிகளில் பல விராலுக்கும் அப்படியே பொருந்தும், சில பொருந்தாது.

இனி முள்ளிலிருந்து தொடங்குவோம். முள்ளின் எண் முறை புதியவர்களைக் குழப்பும். 1, 2, 4, 6 என்று எண் ஏற ஏற முள் சிறியதாகும். அதற்கு எதிர்த்திசையில் 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏற முள் பெரியதாகும். மண்புழுவில் சிறு கெண்டை பிடிக்க 8 போதும். விராலுக்கு 3/0 அல்லது 4/0 வேண்டும், அதைவிட முக்கியமாகக் கம்பி தடித்திருக்க வேண்டும். முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, நகத்தில் குத்தி நின்றால் கூர். மொட்டை முள்ளோடு எந்த விலையுள்ள கம்பும் உதவாது. துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்பது என் கருத்து. நூல் அறுந்து மீனின் வாயில் முள் தங்கிவிட்டால், சாதாரண எஃகு என்றால் நாளடைவில் துருவேறி உதிர வழியுண்டு.

அடுத்து நூல். நாம் தங்கூசி என்று சொல்லும் நைலான் ஒற்றை இழை நூல் இழுத்தால் நீளும். தரத்துக்கேற்ப அறுபடுமுன் 20 விழுக்காடு வரைகூட நீளும். பின்னல் நூல் ஏறக்குறைய நீளாது, அதே பருமனில் பல மடங்கு வலுவாக இருக்கும். திறந்த நீரில் தங்கூசியின் நீட்சி நமக்கு நன்மை. அது ஒரு ஸ்பிரிங் போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தாமரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய செருவில் அதுவே தீமை. நாம் சுண்டும் வேகத்தை நூலே விழுங்கிவிடும், முள் ஏறாது. அங்கே பின்னல் நூல்தான். சுற்றுமுகத்தில் பவுண்டு என்று போட்டிருப்பார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பவுண்டு என்றால் 9 கிலோ, 40 பவுண்டு என்றால் 18 கிலோ. கெண்டை, ஜிலேபிக் கெண்டைக்கு 10 பவுண்டு தங்கூசி தாராளம். செடிக்குள் விராலுக்கு 40 பவுண்டு பின்னல்.

இந்தப் பின்னல் நூலின் நுனியில் அதைவிடச் சற்றே வலுக் குறைந்த இரண்டடி நூலை லீடராகக் கட்டுங்கள். 40 பவுண்டு நூலுக்கு 30 பவுண்டு லீடர். இதுதான் நம் நக்கிள். அடியில் மரக்கட்டையில் மாட்டிக்கொண்டால் முள்ளோடு இரண்டடி போகும். லீடர் இல்லாவிட்டால் ரீல் பக்கத்தில் நூல் அறுந்து, ஐம்பது மீட்டர் பின்னல் செருவிலேயே கிடக்கும். அது எளிதில் மக்காது. நீர்க்காகத்தின் காலில் அப்படிச் சுற்றிய நூலை நானும் செருவின் மீனவர் ஒருவரும் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறோம். பறவை பிழைத்தது, ஒரு விரல் பிழைக்கவில்லை.

நூல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் முடிச்சு அதைக் குறைக்கும். பின்னல் நூல் வழவழப்பானது. வழக்கமான சுற்று முடிச்சு அதில் நழுவும். பலோமார் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். நூல் நுனியை ஒரு சாண் அளவு மடித்து இரட்டையாக்கி, மடிப்பை முள்ளின் கண் வழியாகச் செலுத்துங்கள். இரட்டை நூலாலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போடுங்கள்; முள் அதில் தொங்கும். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து முள்ளை முழுவதுமாக அதன் வழியே நுழைத்து எடுங்கள். எச்சிலால் நனைத்து, இரண்டு நூலையும் சேர்த்து மெல்ல இறுக்குங்கள். நனைப்பது சம்பிரதாயம் அல்ல. உலர்ந்த நூல் உரசும்போது எழும் சூடு, குறிப்பாக நைலானை, அந்த இடத்திலேயே பலவீனமாக்கும். மீதியை மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நாளுக்கு இரண்டு முறையாவது முடிச்சை வெட்டிப் புதிதாகப் போடுவது நல்லது.

ரீலில் நான் முக்கியமாகப் பார்ப்பது டிராக் என்னும் பிரேக்கை. மீன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்தால் சுருள் வழுக்கி நூலை விட வேண்டும். திறந்த நீரில் நூலின் வலுவில் நான்கில் ஒரு பங்கு, செடிக்குள் மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்கு. கை உணர்ச்சியை நம்பாதீர்கள். வீட்டில் சாமான் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை நூல் நுனியில் மாட்டி ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். 20 பவுண்டு நூல் என்றால் இரண்டேகால் கிலோவில் சுருள் வழுக்கத் தொடங்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிராக் கொடுப்பது விசையை அல்ல, முறுக்கத்தை. முறுக்கத்தைச் சுருளின் ஆரத்தால் வகுத்தால்தான் நூலில் வரும் இழுப்பு கிடைக்கும். சுருள் நிறைந்திருக்கும்போது ஆரம் 22 மில்லிமீட்டர், இழுப்பு 2.2 கிலோ என்று வைத்திருக்கிறீர்கள். மீன் ஓடி நூல் வெளியேற ஆரம் 15 மில்லிமீட்டராகக் குறைந்தால், நீங்கள் திருகைத் தொடாமலே இழுப்பு 3.2 கிலோ ஆகிவிடும். அதோடு நீண்ட நூல் தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும் தடையும் சேரும். மீன் தூரம் ஓடும்போது டிராக்கை இறுக்கத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு, சற்றே தளர்த்துவது.

ரீல் வகைகளில் ஸ்பின்னிங் ரீலில் சுருள் சுழலாது, நூல் முனை வழியாக உருவிக்கொண்டு போகும். பழகுவது எளிது, லேசான இரைக்கு உகந்தது. பெயிட்காஸ்டர் ரீலில் சுருளே சுழலும். இரை வேகம் குறைந்த பிறகும் சுருள், விசைச் சக்கரம்போல, தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். விளைவு, அரைமணி நேரம் பிரிக்க வேண்டிய சிக்கு. கட்டைவிரல்தான் அதன் பிரேக். தவளை வீசி விராலைச் செடியிலிருந்து இழுக்க இதுவே மேல் என்றாலும், முதல் ரீலாக இதை வாங்க வேண்டாம்.

கம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வலு என்பது எவ்வளவு கனத்துக்கு வளையும் என்பது. வளைவு என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. முள் தடித்ததாக இருந்தால் அதை ஏற்ற வலுவான கம்பு வேண்டும், நுனியில் மட்டும் வளைவது நல்லது. ஆறரை அடி முதல் ஏழடி போதும். பதினைந்தடி மூங்கில் கம்பு கரையோரத் தக்கைத் தூண்டிலுக்கு இன்றைக்கும் இணையற்றது, எள்ள வேண்டாம். மீன் மாட்டியபின் கம்பை மீனை நோக்கி நீட்டிப் பிடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுவதுபோல அத்தனை அதிர்ச்சியும் முடிச்சுக்கே போகும்.

இரைகளில் உயிருள்ள தவளையைக் குத்திப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நான் அதை ஆதரிப்பதில்லை. தவளைகள் குறைந்து பூச்சிகள் பெருகும் என்ற அச்சத்தால்தான் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு 1987-இல் தடை செய்தது. உள்ளே காற்று மட்டும் உள்ள ரப்பர் தவளை இருக்கிறதே! அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலையில் மாட்டாது. மீன் கவ்வினால் உடல் நசுங்கி முள் வெளியே வரும். தண்ணீர் தெறித்த உடனே சுண்டிவிட்டால் தவளை மட்டும் பறந்து வரும். கையில் மீனின் கனம் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும்.

மென்மையான பிளாஸ்டிக் புழுவுக்கும் இதே தத்துவம்தான். டெக்சாஸ் கட்டு என்று பாஸ் பிடிப்பவர்கள் சொல்வார்கள். தோட்டா வடிவ ஈயத்தைக் கூர்முனை கம்பின் பக்கம் இருக்கும்படி நூலில் கோத்து, கழுத்து வளைந்த முள்ளைக் கட்டுங்கள். முள்முனையைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் குத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, தலையை முள்ளின் கண்வரை ஏற்றுங்கள். முள்ளைத் திருப்பி, புழுவின்மேல் வைத்து அளந்து, வளைவு எங்கே வருகிறதோ அங்கே குத்துங்கள். முனை மறுபக்கத் தோலுக்குச் சற்று உள்ளேயே மறைந்திருக்க வேண்டும். புழு நேராக இருக்கிறதா பாருங்கள். கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுழன்று நூலை முறுக்கிவிடும்.

விரால் பிடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் சிவந்த குஞ்சுகள் கொத்தாக எழுந்து குமிழ்விட்டு மறையும். விராலுக்குக் காற்றையும் சுவாசித்தாக வேண்டும். குஞ்சுகளும் அதற்காகவே மேலே வருகின்றன. அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கொத்தின்மேல் தவளையை இழுத்தால் கட்டாயம் தாக்கும், பசியால் அல்ல, கோபத்தால். அந்த ஒரு மீனைத் தூக்கினால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. எங்கள் பக்கத்துச் செருவுகளில் பல மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் நாம் கரையில் உட்காருகிறோம். "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோகுது, சரி. குஞ்சு மேல போட்டா அடுத்த வருஷம் எங்க வலையில என்ன சாமி விழும்?" என்று ஒரு முதியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பாஸ் போட்டிகளைப் பெரிதாக வளர்த்த ரே ஸ்காட், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தை 1972-இல் தம் போட்டிகளில் கொண்டுவந்தார். படகிலேயே மீனை உயிரோடு வைக்கும் தொட்டி அங்கே பெருகியது இதனால்தான்.

கடல் பக்கம் போகிறவர்களுக்காகச் சில வரிகள். சூளூர்பேட்டை வழியே பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால் கொடுவா உண்டு, தெலுங்கில் பண்டுகப்பா. ஆங்கிலத்தில் இதையும் பாஸ் வகைப் பெயரால் அழைப்பதுண்டு, ஆனால் அமெரிக்கப் பாஸுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இதன் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல அறுக்கும். லீடர் 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அப்படியானால் நூல் 50 பவுண்டாக இருக்க வேண்டும், நக்கிள் கணக்கு மாறக் கூடாது. பறவைகள் சரணாலயமாக உள்ள பகுதியில் தூண்டில் போடக் கூடாது. உப்பு நீரில் பயன்படுத்திய ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

கடைசியாகப் படகு. இங்கேதான் அறுபடுவது நூலாக இருக்காது. பாஸ் படகு என்பது தட்டையான முன்தளம், சத்தமில்லாத மின் மோட்டார் எல்லாம் வைத்த கண்ணாடி நாரிழைப் படகு. நம் செருவுகளுக்கு அது தேவையும் இல்லை, இறக்க வசதியும் இல்லை. இங்கே கிடைப்பது பரிசல், லாரி டியூப், தெர்மோகோல் மிதவை. வாங்கும் முன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள்.

பரிசலின் அடி 1.8 மீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் இரண்டரைச் சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 25 கிலோ தாங்கும். பரிசலின் எடை 40, இருவர் 140, ஆக 180 கிலோ. ஏழு சென்டிமீட்டர் அமிழும். விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும்போது இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் பரிசல் கனத்தால் மூழ்குவதைவிடச் சாய்வால் கவிழ்வதே அதிகம். மீன் மாட்டியதும் இருவரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அந்தக் கணக்கெல்லாம் போயிற்று. உட்கார்ந்தே வீச வேண்டும், உட்கார்ந்தே இழுக்க வேண்டும். மற்றவர் எதிர்ப்பக்கம் அசையாமல் இருக்க வேண்டும்.

லாரி டியூபில் குழாயின் தடிமன் 25 சென்டிமீட்டர், வளையத்தின் நடுவிட்டம் 75 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 115 லிட்டர். ஓர் ஆளைத் தாங்கும். ஆனால் ஒரு கருவேல முள் போதும், 115 பூஜ்யமாகும். உங்கள் கையிலேயே 4/0 முள் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஆகவே ஒற்றை டியூபில் ஆழத்துக்குப் போகவே கூடாது. இரண்டு தனித்தனி டியூப்களைப் பலகையால் பிணைத்தால் ஒன்று போனாலும் மற்றது பிடித்துக்கொள்ள இருக்கும். தெர்மோகோல் ஓட்டையால் மூழ்காது. அது உடையும், கோணியில் இறுக்கித் தைத்துக் கட்டிய மிதவையாகப் பாருங்கள்.

2021 நவம்பர் மழையில் சொர்ணமுகி கரை புரண்டதும், ராயல செருவின் கரையில் கசிவு கண்டு சுற்றுக் கிராமத்து மக்களை வெளியேற்றியதும் நினைவிருக்கும். செருவு நிறைந்திருக்கும்போதுதான் எல்லோருக்கும் தூண்டில் ஞாபகம் வருகிறது. கோடையில் மண்ணெடுத்த குழிகள் அப்போது கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் நீரிலிருந்து அடுத்த அடியில் இரண்டாள் ஆழம். தாமரைத் தண்டு காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். முதல் முறை போகும் செருவில் மிதக்கும் சட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். மீனவரைக் கேட்டுக் குழிகள் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மிதக்கும் சட்டையில் 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று எழுதியிருக்கும். 50 என்றால் 5 கிலோ தூக்கும் சக்தி. 70 கிலோ ஆளுக்கு 5 கிலோவா என்று கடைக்காரரிடம் ஒருவர் சண்டை போட்டதைப் பார்த்தேன். தண்ணீருக்குள் உடலின் எடை ஏறக்குறையக் கழிந்துவிடுகிறது. தலை வெளியே நிற்கும் கனத்தைத் தாங்கினால் போதும். ஆனால் 50 என்பது நீச்சல் தெரிந்து, கரை பக்கத்தில் இருப்பவருக்கு. நீந்தத் தெரியாதவர் 100-க்குக் குறைந்து வாங்கக் கூடாது. வாங்கியதும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கரையோரம் இடுப்பளவு நீரில் போட்டுப் பாருங்கள். முழங்காலை மடக்கி உடலைத் தளர்த்தும்போது சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது. கால் கவட்டைப் பட்டையைப் போட்டு இறுக்குங்கள், அப்படியும் ஏறினால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.